பால்வெட்டு, பாற்கடல், ஐம்பால்: எல்லாம் ஒரே ‘பால்’தானா?

லயத்து மகன், சுங்கை சிப்புட்:

நண்பர்களுக்கு வணக்கம். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் பயிலும் என் மகள், சென்ற வாரம் இலக்கணப் பாடம் செய்துகொண்டிருந்தபோது ‘ஐம்பால்’ என்ற தலைப்பில் நின்றுவிட்டாள். பிறகு விரல்விட்டு எண்ணி, “பசும்பால், ஆட்டுப்பால், தேங்காய்ப்பால், டின் பால், பாட்டி வெட்டிய பால், ஐந்தும் வந்துவிட்டது அப்பா” என்றாள். அருகில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் தாயார், ரப்பர் தோட்டத்தில் தாம் 28 ஆண்டுகள் வெட்டிய பால் இலக்கணப் புத்தகம் வரைக்கும் போய்விட்டதே என்று சிரித்தார்.

சிரிப்பு அடங்கிய பிறகு எனக்கே ஐயம் வந்துவிட்டது. திருக்குறளை முப்பால் என்கிறோம். ஆண்பால், பெண்பால் என்கிறோம். ‘அவர்பால் எனக்கு மதிப்பு உண்டு’ என்று எழுதுகிறோம். பிள்ளைகளை ‘அப்பால் போய் விளையாடு’ என்று விரட்டுகிறோம். தைப்பூசத்தில் பால்குடம் எடுக்கிறோம். தோட்டத்திலோ பால்மரம், பால்வெட்டு, பால் வாளி என்று அந்தச் சொல் இல்லாமல் ஒரு காலைப்பொழுதும் விடிந்ததில்லை. அகராதியைப் புரட்டினால் பொருள்கள் வரிசையாக நிற்கின்றனவே தவிர, ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படிப் பிறந்தது என்பது விளங்கவில்லை. இத்தனையும் ஒரே சொல்லா, அல்லது பல சொற்களா?

இன்னொரு கேள்வியும் உண்டு. ரப்பர் மரத்திலிருந்து வடிவதைப் பால் என்று சொல்வது நாம் மலாய்க்காரர்களிடமிருந்து கற்ற வழக்கா? அவர்களும் அதைச் ‘சூசு கெத்தா’ என்கிறார்களே. சூசு என்றால் பால் அல்லவா? தெரிந்தவர்கள் விளக்கினால், மகளுக்குச் சொல்வதற்கு எனக்கும் ஒரு விடை கிடைக்கும்.


ஓய்வு பெற்ற ஆசிரியை, கோலகங்சார்:

இவை ஒரே ஒலியில் வந்து நிற்கும் இரண்டு சொற்கள் என்பதே என் விடை. ஒன்று வெண்மையான நீர்ப்பொருளைக் குறிப்பது. பசும்பாலும் பால்குடமும் பாற்கடலும் கதிரில் மணி ‘பால் பிடிப்பதும்’ அதைச் சேர்ந்தவை. மற்றொன்று பகுப்பைக் குறிப்பது. ஐம்பால், முப்பால், அப்பால், அவர்பால் ஆகிய அனைத்தும் அதன் பிள்ளைகள். முதல் சொல்லைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவதுதான் சுவையானது.

‘பகு’ என்ற வினையிலிருந்து பகுதி, பகுப்பு, பங்கு, பாதி, பாத்தி என்று ஒரு பெரிய குடும்பமே தமிழில் உண்டு. அந்தப் பகு என்பதன் வழியாகவே ‘பகல்’ என்ற சொல்லும் வந்தது. அதற்குப் பகுப்பு, நடு என்ற பொருள்களும் இருந்தன. வண்டியின் நுகத்தடியில் நட்ட நடுவில் அடிக்கப்படும் ஆணியைப் பட்டினப்பாலை ‘பகல்’ என்றே சொல்லி, நடுவுநிலை தவறாத வணிகரின் நெஞ்சுக்கு அதை உவமையாக்குகிறது. இந்தப் பகல் என்ற சொல்லின் நடுவில் உள்ள ககரம் தேய்ந்து, முன்னிருந்த உயிர் நீண்டபோது ‘பால்’ ஆயிற்று. இது தமிழுக்குப் புதிய மாற்றமன்று. துகள் தூள் ஆனதும், தொகுப்பு தோப்பு ஆனதும், சேரமகன் சேரமான் ஆனதும் இதே வழியில்தான்.

இப்பொழுது ஐம்பாலைப் பாருங்கள். பால் என்பதற்கு ஆண், பெண் என்ற வேறுபாடுதான் பொருள் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அப்படியானால் பலர்பால், பலவின்பால் என்பவை எங்கிருந்து வந்தன என்று ஒரு பிள்ளை கேட்டால் நாம் விழிக்க வேண்டியதுதான். என் வகுப்பில் ஒருவன் கேட்டான், நானும் விழித்தேன். ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்ற ஐந்தும் ஐந்து பகுப்புகள், அவ்வளவே. உயர்திணையில் மூன்று பிரிவு, அஃறிணையில் இரண்டு பிரிவு. ஆண், பெண் என்பது அந்தப் பகுப்புக்கு ஓர் அடிப்படை. ஒன்று, பல என்பது இன்னோர் அடிப்படை. ‘டியா’ என்ற ஒரே சொல்லால் அவனையும் அவளையும் குறித்துவிடும் மலாய்மொழியோடு வளரும் நம் பிள்ளைகளுக்கு, இது ஒரு மொழி தன் பெயர்களை எப்படிப் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறது என்ற கணக்குத்தான் என்று சொன்னால் எளிதில் பிடிபடும்.

திருக்குறளின் முப்பாலும் அவ்வாறே. அறத்துப்பாலில் 38, பொருட்பாலில் 70, காமத்துப்பாலில் 25 என்று 133 அதிகாரங்களும் மூன்று பெரும்பகுதிகளாகப் பிரிந்து நிற்கின்றன. பகுதி என்ற பொருளிலிருந்து பக்கம் என்ற பொருளுக்கு ஓர் அடிதான் தொலைவு: வடபால், தென்பால், ஒருபால், அப்பால், இப்பால். பக்கம் என்பதிலிருந்து ‘இடத்தில்’ என்ற உருபுப் பொருள் வந்தது: அவர்பால் அன்பு, என்பால் குறை.

நீங்கள் குறிப்பிடாத பொருள் ஒன்றும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பால் என்பதற்கு ஊழ் என்றும் பொருள். ஊழ் அதிகாரத்தில் வரும் 376ஆம் குறள், ‘பரியினும் ஆகாவாம் பாலல்ல’ என்று தொடங்குகிறது. நம் பங்காக அமையாதவை, எவ்வளவு வருந்திக் காத்தாலும் நம்மிடம் நில்லா என்பது கருத்து. அடுத்த குறளிலேயே வள்ளுவர் ‘வகுத்தான் வகுத்த வகையல்லால்’ என்கிறார். வகுத்தலும் பகுத்தல்தானே? ஒவ்வொருவருக்கும் அளந்து ஒதுக்கப்பட்ட பங்குதான் ஊழ் என்று நம் முன்னோர் எண்ணியிருக்கிறார்கள் என்பதை, அடுத்தடுத்த அந்த இரண்டு குறள்களும் நமக்குக் காட்டிவிடுகின்றன.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் ஒரு நூற்பா இரண்டு பொருளையும் ஒன்றாகக் கொண்டிருக்கிறது. காலம், உலகம், உயிர், உடம்பு என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் ‘பால்வரை தெய்வம்’ வருகிறது. அது ஊழை வகுக்கும் தெய்வம். அதே நூற்பா ‘பால்பிரிந்து இசையா உயர்திணை மேன’ என்று முடிகிறது. அங்கே அது இலக்கணப் பால். ஆறே அடிக்குள் இரண்டு பால்! போதாக்குறைக்கு, பட்டியலில் உள்ள பத்துப் பொருள்களில் கடைசியாக வருவது ‘சொல்’.


பழைய கிராணி, சுங்கை சிப்புட்:

இலக்கணத்தை ஆசிரியை அவர்கள் சொல்லிவிட்டார்கள். தோட்டத்துப் பாலைப் பற்றி நான் சொல்கிறேன். பால் கொட்டகையில் நிறுவைக் கணக்கு எழுதியே என் கண்பார்வை போனது என்பதால், அதற்கு எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

இந்த வழக்கை நாம் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ரப்பர் மரம் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே, மரஞ்செடிகளில் கசியும் வெண்ணீரைத் தமிழர்கள் பால் என்றுதான் சொன்னார்கள். கள்ளிப்பால், எருக்கம்பால், ஆலம்பால், அத்திப்பால் ஆகியவற்றை எந்த மலாய்க்காரரிடமிருந்தும் நாம் கற்றிருக்க முடியாது. பிரேசிலின் விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது, ஆசிரியை அவர்களின் ஊரான கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. தோட்டங்கள் பெருகி, நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்து அந்த மரத்தின் பட்டையைச் சீவியபோது, வடிந்ததைப் பார்த்து என்ன பெயர் வைப்பது என்று அவர்கள் திகைத்திருக்க மாட்டார்கள். ஊரில் எருக்கஞ்செடியை ஒடித்தாலும் வருவது அதுதானே. மலாய்க்காரர்களும் தங்கள் கண்ணால் பார்த்ததைத் தங்கள் மொழியில் ‘சூசு’ என்றார்கள். வெள்ளையாக வடிவதைப் பார்க்கும் இரண்டு கூட்டத்தார்க்கு ஒரே எண்ணம் தோன்றுவதில் வியப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு சொல்லை உண்மையாகவே வாங்கினோம். மலாயில் பிசினுக்கும் மரப்பாலுக்கும் ‘கெத்தா’ என்று பெயர். அது நம் நாவில் ‘கித்தா’ ஆயிற்று. கித்தா மரம், கித்தாக் காடு என்று சொன்னோம். ரப்பர் மரம் வருவதற்கு முன்பே இங்குள்ள காட்டு மரங்களிலிருந்து கெத்தா எடுத்து விற்றிருக்கிறார்கள். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்ட ‘கட்டாபெர்ச்சா’ என்ற பொருளின் பெயரும் அந்த மலாய்ச் சொல்லிலிருந்து பிறந்ததே. எங்கள் தோட்டத்தில் வழக்கு எப்படி இருந்தது என்றால், மரமும் காடும் கித்தா, வாளியில் இருப்பது பால். ‘கித்தாக் காட்டில் பால் வெட்டுகிறார்’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டன. பால் விழும் கிண்ணத்துக்கு ‘மங்கு’ என்று பெயர். அதுவும் மலாய் ‘மங்கோக்’ கொடுத்தது. மரவரிசைக்கு மட்டும் பழைய தமிழ்ச்சொல்லான ‘நிரை’ நிலைத்துவிட்டது. சங்கப் பாட்டில் பசுக்கூட்டத்துக்கு நிரை என்று பெயர் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டபோது, பால் தருகிற இரண்டுக்கும் ஒரே பெயரா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

பெயர் ஒன்றானதால் பழக்கமும் ஒன்றுபோல் ஆயிற்று. விடிவதற்கு முன்பே வெட்டப் போக வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்பு பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக ஓடும். பட்டையின் உட்புறத்தில் உள்ள பாற்குழல்கள் செங்குத்தாக ஓடாமல் சற்றே சாய்ந்து ஓடுவதால், வெட்டை இடப்புறம் உயர்த்தி வலப்புறம் தாழ்த்திப் போட்டால்தான் அதிகமான குழல்கள் அறுபடும். கத்தி ஆழமாகப் போய்விட்டால் மரத்தில் காயம் படும், பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். கறந்த பாலைப் போலவே இந்தப் பாலும் வைத்திருந்தால் உறைந்துவிடும்; உறையாமல் இருக்க அம்மோனியா ஊற்றுவோம், உறைய வைக்க ஆசிட் ஊற்றுவோம். பால்காரர்கள் மேல் ஊரார் சொல்லும் பழி தோட்டத்திலும் உண்டு: மழைத்தண்ணீர் விழுந்ததோ, வேண்டுமென்றே ஊற்றியதோ, வாளியில் தண்ணீர் இருந்தால் பாலின் அடர்த்தியை அளக்கும் மானியை மிதக்கவிட்டுக் கண்டுபிடித்துவிடுவோம். நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரையில்தான் அதில் காய்ந்த ரப்பர் இருக்கும், மீதியில் பெரும்பகுதி நீர். சம்பளம் அந்தக் காய்ந்த எடைக்குத்தான் என்பதால், மானி சொல்லும் எண்ணுக்காக எனக்கும் வெட்டுக்காரர்களுக்கும் நடக்காத வாக்குவாதம் இல்லை. பாதி நாள் அவர்கள் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்கிறேன்.


பந்திங் இளைஞன்:

அருமையான விளக்கங்கள். ஆனால் இரண்டு தனிச்சொற்கள் என்று ஆசிரியை அவர்கள் உறுதியாகச் சொல்வதை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பட்டையைப் பகுத்தால்தானே பால் வருகிறது? அப்படியிருக்க, பகு என்பதிலிருந்தே இந்தப் பாலும் பிறந்தது என்று ஏன் கொள்ளக்கூடாது? பால் குடிக்கும் வயதினன் பாலன். பிள்ளைகள் போவது பாலர் பள்ளி. பசுவின் பாலோடு தொடர்புடையவன் கோபாலன். பால் வற்றிய நிலம் பாலை. எல்லாம் ஒரே வேரில்தான் போய் முடிகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.


தெலுக் இந்தான் வாசகர்:

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம், பள்ளியில் தமிழ் படித்தோம். அதனால் இதில் எனக்கு ஒரு தனி ஆர்வம். தெலுங்கிலும் குடிக்கும் பால் ‘பாலு’, பங்கும் ‘பாலு’. ஒன்றில் கலந்துகொள்வதைப் ‘பாலு பஞ்சுகோவடம்’ என்போம். பங்கைப் பகிர்ந்துகொள்வது என்பது அதன் சொற்பொருள். சிறுவயதில் இதைக் கேட்டு, எல்லாரும் ஆளுக்கு ஒரு தம்ளர் பால் ஊற்றிக்கொள்கிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். ஐயா அவர்களின் மகள் தனியாக இல்லை. தெலுங்கில் இன்னொன்றும் உண்டு: குடிக்கும் பால் எப்போதும் பன்மையாகவே நடக்கும், ‘பால் இருக்கின்றன’ என்பதுபோல.

தமிழையும் தெலுங்கையும் மட்டும் பார்த்தால் பந்திங் தம்பி சொல்வது சரிபோலத் தோன்றும். ஆனால் கன்னடத்துக்குப் போனால் ஒலியே பிரிந்துவிடுகிறது. அங்கே குடிப்பது ‘ஹாலு’, பங்கு ‘பாலு’. கன்னடத்தில் சொல்லின் முதலில் வந்த பகரம் பெரும்பாலும் ஹகரமாக மாறியது. பங்கைக் குறிக்கும் சொல் மாறாமல் நின்றுவிட்டது. துளுவில் வேறுபாடு இன்னும் தெளிவு: குடிப்பது ‘பேர்’, பங்கு ‘பால்’. பலூச்சிஸ்தானில் பேசப்படும் பிராகூயியிலும் குடிக்கும் பாலுக்குப் ‘பால்ஹ்’ என்று பெயர். அவ்வளவு தொலைவில் பிரிந்துபோன உறவினரிடமும் இருக்கிறது என்றால், நம் மொழிகள் பிரிவதற்கு முன்பே குடிக்கும் பால் தனக்கென ஒரு சொல்லாக இருந்திருக்கிறது. பகல் தேய்ந்து பால் ஆகும் வரை அது காத்திருக்கவில்லை.


ஓய்வு பெற்ற ஆசிரியை, கோலகங்சார்:

துளுச் சான்றுக்கு நன்றி. என் விடையில் இருந்த ஓட்டையை அது அடைத்துவிட்டது.

பந்திங் தம்பிக்கு: பட்டையைப் பகுத்தால் பால் வருகிறது என்பது கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகுதான் ஆபத்து. பசுவைப் பகுத்தா பால் கறக்கிறோம்? ஒலி ஒன்றாக இருப்பதைக் கண்டதும் கதை கட்டிவிடும் ஆசை நம் எல்லாருக்கும் உண்டு. பாலன் என்ற சொல்லிலும் அதுவே நடந்திருக்கிறது. பாலன், பாலகன், பாலர் பள்ளி ஆகியவை வடமொழியின் ‘பால’ என்பதிலிருந்து வந்தவை. அங்கே அதற்குச் சிறுவன் என்று பொருள், பாலோடு உறவில்லை. கோபாலன் என்பதில் ‘கோ’ பசு, ‘பாலன்’ காப்பவன். இதுவும் வடமொழிதான், ஆனால் முன்னதிலிருந்து வேறான சொல். அந்த மொழியில் முதல் எழுத்துகளின் ஒலி வேறு. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே பகரத்தை எழுதுவதால் நமக்கு மயக்கம் வருகிறது. இதே மயக்கத்தால் பாலியம் என்பதையும் பாலியல் என்பதையும் குழப்புகிறவர்களைக் கண்டிருக்கிறேன். பாலியம் குழந்தைப்பருவம், வடமொழி. பாலியல் என்பது பால் வேறுபாட்டைப் பற்றிய இயல், நம் பகுப்பு வழிப் பால்.

பாலையைப் பற்றி நீங்கள் சொன்னதில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது, ஆனால் திசை தலைகீழ். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் போலப் பாலையும் ஒரு தாவரத்தின் பெயரால் அமைந்த திணை. வெட்பாலை, ஏழிலைப்பாலை என்று நாம் அறிந்த பாலை மரங்களை ஒடித்துப் பாருங்கள், வெள்ளையாகப் பால் வடியும். ஆகவே அந்தப் பெயர் பால் வற்றியதால் வந்தது என்பதைவிட, பால் உள்ளதால் வந்தது என்பதே பொருந்தும். ஏழிலைப்பாலையை மலாய்க்காரர்கள் ‘பூலாய்’ என்பார்கள். இதையும் பாலையோடு முடிச்சுப்போட எனக்கும் கை துறுதுறுக்கிறது, ஆனால் இப்பொழுதுதான் தம்பியைக் கண்டித்திருக்கிறேன் என்பதால் அடங்கியிருக்கிறேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. மாடு வந்தது, மாடு வந்தன என்று ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் சொற்களை, நன்னூல் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்கிறது. மகளுக்கு இன்னும் இரண்டு ஆண்டில் இது பாடமாக வரக்கூடும். பகு என்ற தாயும் பால் என்ற மகளும் அந்த ஒரே பெயருக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதை அப்போது காட்டுங்கள்.


லயத்து மகன், சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியை அவர்கள் எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். ஐம்பாலை ஏற்றுக்கொண்டாள், ஆனால் பலவின்பாலுக்கு எடுத்துக்காட்டாக ‘மாடுகள் வந்தன’ என்று நான் சொன்னதும், “அப்படியென்றால் பலவின்பாலில் நிறையப் பால் கிடைக்குமே” என்றாள். இதற்கு மேல் என்னால் முடியாது.

பழைய கிராணி ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்தேன். மானியைப் பற்றிய இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தச் சொல்லி, பாதி நாள் இல்லை, முக்கால்வாசி நாள் வெட்டுக்காரர்கள் சொன்னதுதான் சரி என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். மேலும், ஒட்டுப்பாலையும் கட்டிப்பாலையும் ஐயா விட்டுவிட்டாரே, அவையும் பால்தானே என்று கேட்கிறார்.


பழைய கிராணி, சுங்கை சிப்புட்:

அம்மாவுக்கு என் வணக்கம். முக்கால்வாசி என்பதை எதிர்த்து வாதாட எனக்கு இப்பொழுது தெம்பு இல்லை.

விட்டது என் பிழைதான். பால் எடுத்துப் போன பிறகும் சொட்டி, மங்கிலேயே உறைந்து கிடப்பது கட்டிப்பால். வெட்டிய கோட்டின் மேல் நாடாபோல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பது ஒட்டுப்பால். மறுமுறை வெட்ட வரும்போது முதலில் அதை உரித்துப் பையில் போட்டுக்கொண்டுதான் கத்தியை வைப்பார்கள். இரண்டுக்கும் விலை குறைவு, கணக்கும் தனி. நீர்ப்பொருளைக் குறிக்கும் சொல், கல்போல் இறுகிய பிறகும் தன் பெயரை விடாமல் வைத்திருக்கிறது என்பதை ஆசிரியை அவர்கள் தம் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்வார்கள். சிமெண்டுத் தரையில் அடித்தால் லயத்துக் கூரைக்கு மேலே எழும்பும்.